முன்பணம் கட்டியவர்கள்

2025 அக்டோபர் கடைசியில் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் மூன்று ஸ்க்ரீன்ஷாட்கள் வந்து விழுந்தன. முதலாவது, 2018 ஜூலையில் டெஸ்லாவின் புதிய ரோட்ஸ்டர் காருக்கு முன்பதிவு செய்ததற்கான மெயில். இரண்டாவது, ஏழரை வருஷம் ஆயிற்று, என் 50,000 டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதிவு செய்தவர் கேட்ட மெயில். மூன்றாவது, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று அந்த மெயில் திரும்பி வந்த அறிவிப்பு. பதிவு செய்தவர் சாம் ஆல்ட்மன். மூன்று காட்சிகளில் ஒரு கதை என்கிற பொருளில் தலைப்பும் வைத்திருந்தார். மஸ்க் பதிலுக்கு வசைபாடினார், பணம் 24 மணி நேரத்தில் திரும்பிவிட்டது என்றார். குழுவில் எல்லோரும் சிரித்தோம். ஆல்ட்மனுக்கு 50,000 டாலர் என்பது நமக்கு டீ காசு. அவருக்காக யார் வருத்தப்படப்போகிறார்கள்?

ஆனால் அன்று இரவு பதினோரு மணிக்கு ஒரு ரிலீஸ் சிக்கிக்கொண்டு, பில்ட் ஓடி முடிக்கக் காத்திருந்த நேரத்தில், அந்த மூன்று படங்களையும் மறுபடி பார்த்தேன். ஒரு விஷயம் உறைத்தது. டெஸ்லாவைப் பற்றி நான் படித்த புத்தகங்களிலும் பார்த்த படங்களிலும், பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவன் தன் கதையைத் தானே சொன்ன இடம் ஏறக்குறைய எதுவுமே நினைவுக்கு வரவில்லை. இந்த மூன்று ஸ்க்ரீன்ஷாட்தான். அதுவும், அவர் உலகப் பிரபலம் என்பதால் கண்ணில் பட்டது.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத பாத்திரத்தைப் பற்றியது. கார் விமர்சனம் இல்லை. எனக்கு கார் ஓட்டவே சுமாராகத்தான் வரும்.

முதல் ரோட்ஸ்டரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் தொடங்கிய கம்பெனி டெஸ்லா. 2004-ல் பெரிய முதலீட்டோடு உள்ளே வந்து இயக்குநர் குழுவின் தலைவரானார் எலான் மஸ்க். 2006 ஜூலையில் சான்டா மோனிகா விமானத் தளத்தில் ஒரு விமானக் கொட்டகைக்குள் காரைக் காட்டினார்கள். லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக வைத்து, உள்ளே 6,831 லித்தியம் பேட்டரி செல்களை அடுக்கிச் செய்தது. முதல் 100 கார்களை முழுப் பணமும், அதாவது ஒரு லட்சம் டாலர், முன்கூட்டியே கட்டியவர்களுக்கு ஒதுக்கினார்கள். சில வாரங்களில் நூறும் தீர்ந்தது. 2007-ல் கைக்கு வரும் என்றார்கள். வரவில்லை. இரண்டு கியர் கொண்ட கியர்பாக்ஸ் உடைந்துகொண்டே இருந்தது. ஒரு சப்ளையரை விட்டு இன்னொருவரிடம் போனார்கள், அங்கேயும் உடைந்தது. 2008 பிப்ரவரியில் முதல் கார் மஸ்க்கின் வீட்டுக்குப் போனது. ஆரம்பத்தில் கொடுத்த கார்களில் கியரை இரண்டாவதிலேயே பூட்டிக் கொடுத்து, சரியான கியர்பாக்ஸ் தயாரானதும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். மென்பொருள்காரர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. பேட்ச் போட்டு ஓட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்.

இதற்கிடையில் விலை 92,000-லிருந்து 98,000 ஆகி, பிறகு 1,09,000 ஆனது. இவையெல்லாம் புதிதாக வருபவர்களுக்கான விலை. விஷயம் கெட்டது 2009 ஜனவரியில். ஏற்கெனவே பழைய விலையில் ஆர்டர் செய்து, முன்பணம் கட்டி, வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்த சுமார் 400 பேருக்கும் விலை கூடியது. அடிப்படை விலையைத் தொடாமல், இதுவரை காரோடு சேர்ந்து வந்தவற்றைப் பிரித்துத் தனிக்காசு ஆக்கினார்கள். வீட்டில் வைக்கும் வேகமான சார்ஜர் தனி, நல்ல சக்கரம் தனி. நம் ஊர்க் கல்யாண கான்ட்ராக்டர்கள் இதே வேலையைச் செய்வார்கள்: "சாப்பாட்டு ரேட் அதேதான் சார், இலை மட்டும் தனி."

இந்த இடத்தில் என் கேள்வி. ஒன்றரை வருஷத் தாமதத்தைப் பொறுத்தவர்களில் எத்தனையோ பேர், சில ஆயிரம் டாலர் ஏற்றத்துக்கு ஏன் கொதித்தார்கள்? ஒரு லட்சம் டாலரில் கார் வாங்குகிறவனுக்கு அது பெரிய தொகை இல்லையே.

மஸ்க் அந்த மாதம் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தை ஒரு இலக்கியப் பிரதியைப் படிப்பது மாதிரி நிதானமாகப் படித்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நல்ல கடிதம்தான் அது, அதைச் சொல்லிவிட வேண்டும். மழுப்பலான கார்ப்பரேட் நடை இல்லை, எண்களோடு பேசுகிறது. 92,000 டாலர் விலையை இயக்குநர் குழு ஒப்புக்கொண்டபோது, ஒரு காரின் அடக்கவிலை 65,000 என்று அப்போதைய நிர்வாகம் கணக்குக் கொடுத்திருந்தது. 2007 கோடையில் ஒரு முதலீட்டாளர் தணிக்கை செய்து பார்த்தால் உண்மையில் 1,40,000-க்கு அருகே போகிறது. அதனால் நிர்வாகம் மாற்றப்பட்டது. நஷ்டத்துக்கே விற்றால் கம்பெனி நிற்காது. ஆகவே இது.

வாக்கியங்களின் எழுவாயைக் கவனியுங்கள். கணக்குக் கொடுத்தது "அப்போதைய நிர்வாகம்". ஏமாந்தது இயக்குநர் குழு. அந்தக் குழுவின் தலைவர் யார்? கடிதத்தை எழுதுகிறவர்தான். இந்த ஒரு தகவல் கடிதத்தில் இருக்க வேண்டிய எடையில் இல்லை. எழுதுபவர் கதைக்குள் மீட்பராக மட்டுமே நுழைகிறார்.

தமிழில் இதற்கு அழகான ஓர் இலக்கணம் இருக்கிறது. டம்ளரைக் கீழே போட்ட குழந்தை "உடைச்சிட்டேன்" என்று சொல்லாது, "உடைஞ்சிடுச்சு" என்று சொல்லும். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது ஏதோ மார்க்குக்காக என்று நினைத்தோம். உண்மையில் அது நாம் வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தும் தற்காப்புக் கலை. விலை ஏறிடுச்சு. லேட் ஆயிடுச்சு. ஏற்றியவர் யார், லேட் பண்ணியவர் யார் என்று வாக்கியத்துக்கே தெரியாது. மஸ்க்கின் கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட "ஏறிடுச்சு".

சரி, அந்த அடக்கவிலை ஏன் ஏறியது? இங்கேதான் புத்தகங்களுக்கு வருகிறோம். ஆஷ்லீ வான்ஸ் 2015-ல் எழுதிய மஸ்க்கின் வாழ்க்கை வரலாறு, என் தலைமுறை எஞ்சினியர்கள் பாதிப் பேரின் அலமாரியில் இருக்கும். நானும் 2016-ல் ஒரே வார இறுதியில் படித்து முடித்து, திங்கட்கிழமை ஆபீஸில் யாரையாவது விரட்ட வேண்டும் போலத் திரிந்தேன். அந்த வயதில் அது அப்படித்தான் வேலை செய்யும். ரோட்ஸ்டர் அத்தியாயங்களில் மஸ்க் காரின் வடிவத்தில் செய்யச் சொன்ன மாற்றங்கள் வரும். கதவுக்குக் கீழே இருக்கும் படி உயரமாக இருக்கிறது, ஏறி இறங்கக் கஷ்டம், அதைத் தாழ்த்து. உடலைக் கார்பன் ஃபைபரில் செய். இருக்கையை மாற்று. கதவுக் கைப்பிடியை மின்சாரத்தில் இயங்கவை. படியை இரண்டு அங்குலம் தாழ்த்த மட்டும் இருபது லட்சம் டாலர் ஆனதாகச் சொல்வார்கள். லோட்டஸின் தயாரான உடலை எடுத்துப் பேட்டரி வைத்தால் போதும், காசு மிச்சம் என்றுதான் ஆரம்பத் திட்டம். முடிவில் இரண்டு கார்களுக்கும் பொதுவான பாகங்கள் 7 சதவீதத்துக்கும் கீழே என்று டெஸ்லாவே பெருமையாகச் சொன்னது.

வான்ஸ் இந்த மாற்றங்களை மறைக்கவில்லை. அவை வேலையைத் தாமதப்படுத்தின என்று எபர்ஹார்டின் ஆட்கள் புலம்பியதும் அவர் புத்தகத்தில் உண்டு. என் குறை வேறு. அந்த மாற்றங்கள் வரும் பக்கங்களின் தொனி ரசனையின் தொனி: பாருங்கள், இந்த மனிதருக்கு விவரங்களில் எவ்வளவு பிடிவாதம். அடக்கவிலை எகிறியது வரும் பக்கங்களின் தொனி துப்பறியும் தொனி: பாருங்கள், முந்தைய நிர்வாகம் எவ்வளவு மோசமாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று செலவு, மற்றது அதன் பில். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்க்கும் பக்கத்தை நான் தேடினேன். ஒரு வாசகன் அந்தக் கூட்டலைத் தானே செய்துகொள்ளலாம்தான். ஆனால் நாயகன் இருக்கும் கதையில் வாசகன் கணக்குப் போட மாட்டான். நான் போடவில்லை.

வால்டர் ஐசக்ஸன் 2023-ல் எழுதிய தடித்த புத்தகத்தில் இந்தக் காலம் இன்னும் வேகமாகக் கடந்துவிடுகிறது. அவருடைய ஆர்வம் மஸ்க்கின் மனம், குழந்தைப் பருவம், வெறி. கதவுப் படி அந்த வெறிக்கு ஓர் உதாரணம். காத்திருந்தவர்கள் அவருக்கும் வானிலை மாதிரிதான். புயல் அடித்தது, நாயகன் தாண்டினான்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கிறிஸ் பெயின் எடுத்த இரண்டு ஆவணப்படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். முதலாவது 2006-ல் வந்த 'ஹூ கில்ட் தி எலெக்ட்ரிக் கார்?'. ஜெனரல் மோட்டார்ஸ் தொண்ணூறுகளில் செய்த ஈவி1 என்ற இரண்டு இருக்கை மின்காரைப் பற்றியது. கம்பெனி அதை விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் கொடுத்தது, பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப வாங்கி நசுக்கியது. அந்தப் படத்தின் நாயகர்கள் ஓட்டியவர்கள். 2005-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்க்கில், மிச்சமிருந்த கார்கள் நிறுத்தப்பட்ட மைதானத்துக்கு வெளியே இரவும் பகலும் காவல் உட்கார்ந்தார்கள். 78 கார்களுக்கு 19 லட்சம் டாலர் தருகிறோம், எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்றார்கள். கம்பெனி மறுத்தது. லாரியில் ஏறிப் போகும் கார்களை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பது ஏதோ சாவு வீட்டு வாசல் மாதிரி இருக்கும். ஒரு பொருளை வாங்குபவனுக்கும் அதற்கும் இடையே காசைத் தாண்டி ஓர் உறவு இருக்கிறது என்பதை நம்பிய படம் அது.

ஐந்து வருஷம் கழித்து, 2011-ல், அதே இயக்குநர் 'ரிவெஞ்ச் ஆஃப் தி எலெக்ட்ரிக் கார்' எடுத்தார். இதில் நான்கு நாயகர்கள்: ஜெனரல் மோட்டார்ஸின் பாப் லட்ஸ், நிஸானின் கார்லோஸ் கோன், டெஸ்லாவின் மஸ்க், லாஸ் ஏஞ்சலஸில் பழைய கார்களை மின்கார்களாக மாற்றும் ஒரு பட்டறைக்காரர். நால்வரும் செய்பவர்கள். வாங்குபவன் ஒருவன்கூட அந்த வரிசையில் இல்லை. 2008-ன் நெருக்கடி, கம்பெனி மூழ்கப் பார்த்தது எல்லாம் படத்தில் இருக்கிறது, விறுவிறுப்பாகவே இருக்கிறது. நாம் மஸ்க்குக்காகப் பதறுகிறோம். பர்பேங்க் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்தவர்களின் அதே வகை ஆட்கள்தான் இப்போது பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கே வருவதில்லை. முதல் படத்தில் எதிராளி பெரிய கம்பெனி. இரண்டாவதில் கம்பெனிக்காரரே நம் ஆள். நம் ஆளிடம் ரசீதைக் காட்டிக் கேள்வி கேட்பது கொஞ்சம் அநாகரிகம் போல ஆகிவிடுகிறது.

இப்போது அந்தக் கொதிப்புக்கு வருகிறேன். 2006-ல் ஒரு லட்சம் டாலரைக் கட்டியவன் கார் மட்டும் வாங்கவில்லை. முதலில் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார், அந்தப் பணத்தில் அடுத்த கார், அதற்கும் அடுத்து எல்லோருக்குமான கார் என்று மஸ்க் 2006 ஆகஸ்டிலேயே திட்டத்தை எழுதி வெளியிட்டுவிட்டார். கட்டியவன் தன்னைப் பங்காளி என்று நினைத்துக்கொண்டான். கியர்பாக்ஸ் உடைந்தால் நம்ம கியர்பாக்ஸ் உடைந்தது. தாமதத்தைத் தாங்குவதே அந்தப் பங்காளித்தனத்துக்கு அத்தாட்சி. 2008 அக்டோபரில் வங்கியில் 90 லட்சம் டாலர்தான் இருக்கிறது என்ற செய்தி உள்ளிருந்து கசிந்தபோது, முன்பணமெல்லாம் காருக்காகப் பெட்டியில் பத்திரமாக இல்லை, சம்பளமாகவும் வாடகையாகவும் போய்விட்டது என்று வெளிச்சமானது. முன்பணத்துக்கு நானே பொறுப்பு என்றார் மஸ்க். அதுவரைகூட அது ஒரு குடும்பக் கஷ்டம். ஜனவரிக் கடிதம் வந்ததும்தான் தெரிந்தது: தாமதத்தின்போது நாம் பங்காளி, பில் வரும்போது வாடிக்கையாளர். நஷ்டத்தில் பங்கு உண்டு, கம்பெனியில் பங்கு இல்லை. வட்டியில்லாக் கடன் கொடுத்தவனிடமே மறுபடி காசு கேட்டால் எவனுக்கும் எரியும். தொகை அங்கே முக்கியமே இல்லை.

மஸ்க்கின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் கம்பெனியைக் காப்பாற்றிய முதலீடு முடிந்தது, அவர் தன் கையிருப்பைக் கொட்டியிருந்தார். விலையை ஏற்றியிராவிட்டால் ஒருவேளை 400 பேருக்கும் காரும் கிடைத்திருக்காது, பணமும் கிடைத்திருக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும், அந்தத் தேர்வை அவர்கள் முன்னால் தேர்வாக வைக்கவில்லை என்பது மிச்சமிருக்கிறது.

காத்திருப்பதே அவமானம் என்று இல்லை. இங்கிலாந்தின் மால்வர்னில் மார்கன் என்ற கம்பெனி ஆஷ் மரச்சட்டம் வைத்துக் கையால் ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறது. 1990-ல் பிபிசியின் 'ட்ரபிள்ஷூட்டர்' நிகழ்ச்சிக்காக அங்கே போனார் ஐசிஐ கம்பெனியின் முன்னாள் தலைவர் ஜான் ஹார்வி ஜோன்ஸ். வாரத்துக்குப் பத்துக்கு அருகில்தான் கார், வருஷக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல். உற்பத்தியைக் கூட்டுங்கள், விலையை ஏற்றுங்கள் என்றார். பீட்டர் மார்கனும் மகன் சார்ல்ஸும் முடியாது என்றுவிட்டார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் பட்டியல் இன்னும் நீண்டது! எனக்கு மார்கனை ரொமான்டிக்காகப் பார்க்கும் ஆசை இல்லை, மரச்சட்டத்தைச் சொல்லிச் சோம்பேறித்தனத்தை விற்கலாம். ஆனால் அந்த வரிசையில் நின்றவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். அவனிடம் யாரும் அடுத்த வருஷம் என்று சொல்லவில்லை.

பணக்காரர்களின் பொம்மைக் கார் சண்டையை இவ்வளவு நேரம் ஏன் பேசுகிறாய் என்று கேட்கலாம். நியாயம். 2,450 கார்களோடு முதல் ரோட்ஸ்டர் முடிந்துபோனது. ஆனால் அதில் கற்ற பழக்கம் முடியவில்லை. 2016-ல் மாடல் 3-க்கு ஆளுக்கு ஆயிரம் டாலர் என்று ஒரே வாரத்தில் மூன்று லட்சத்துக்கும் மேலானவர்கள் கட்டினார்கள். வாக்களித்த 35,000 டாலர் விலை 2019-ல் கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனது. 39,900 டாலர் என்று 2019-ல் அறிவித்த சைபர்ட்ரக், 2023-ல் வந்தபோது பட்டியலில் இருந்த மிகக் குறைந்த விலை 60,990. மாடல் 3-க்கு இந்தியாவிலிருந்தும் ஆயிரம் டாலர் கட்டியவர்கள் இருந்தார்கள். மும்பையில் ஷோரூம் திறந்தது 2025 ஜூலையில், விற்பனைக்கு வந்தது வேறு கார். கோடீஸ்வரர்களிடம் பீட்டா டெஸ்ட் செய்த ஒரு முறை, அப்புறம் மாதச் சம்பளக்காரனுக்கு ரிலீஸ் ஆனது.

இரண்டாவது ரோட்ஸ்டரை 2017 நவம்பரில் அறிவித்தார்கள். 2020-ல் வரும் என்றார்கள். 50,000 கட்டினால் இடம், முதல் ஆயிரம் கார்களுக்கு மொத்தமாக 2,50,000. மூன்று மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், மஸ்க்கின் பழைய ரோட்ஸ்டர் ராக்கெட்டில் ஏறி சூரியனைச் சுற்றப் போய்விட்டது. புதியதற்குப் பணம் கட்டியவர்கள் அதை நேரலையில் பார்த்துக் கைதட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் தட்டினேன்.

எபர்ஹார்டைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 2007 ஆகஸ்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டு, பின் வெளியேற்றப்பட்ட அவர் 2009-ல் வழக்குப் போட்டார். அதில் அவர் அடுக்கிய குறைகளில் ஒன்று, தனக்குத் தருவதாகச் சொன்ன இரண்டாவது ரோட்ஸ்டர் தனக்கு வரவில்லை என்பது. தான் தொடங்கிய கம்பெனியின் வாசலில் அவரும் வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது, நாவலை யாரும் எழுதவில்லை.

அந்த இரவு எங்கள் ரிலீஸ் போகவில்லை. விடியற்காலை இரண்டரைக்கு கிளையன்டுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். கை தானாகவே ஆங்கிலத்தில் அடித்தது: எதிர்பாராத காரணங்களால் டெலிவரி தள்ளிப்போயிருக்கிறது. பத்து வருஷமாக அடிக்கும் வாக்கியம். காரணம் எதிர்பாராதது ஒன்றும் இல்லை. இரண்டு வார வேலையை ஒரு வாரம் என்று மீட்டிங்கில் சொன்னது நான், கூட இருந்த யாரும் மறுக்காததால் அது எஸ்டிமேட் ஆகிவிட்டது. வாக்கியத்தை அழித்து, நான் தவறாகக் கணக்குப் போட்டேன் என்று எழுதினேன். மேனேஜர் காலையில் பார்த்துவிட்டு, "ஏன்டா இப்படி எழுதுற, எஸ்கலேட் பண்ணிடப் போறாங்க" என்றார். பயமாகத்தான் இருந்தது. மதியம் கிளையன்டிடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி. புதிய தேதி என்ன என்று கேட்டிருந்தார்கள்.